சுபாங் ஓடுபாதையில் முதல் உரிமை யாருக்கு: தனியார் ஜெட்டா, பயணிகள் விமானமா?

கிள்ளான்_கரை எழுதியது:

கேஎல்ஐஏ (கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம்) இழையில் சுபாங் பேச்சு நுழைந்து, இரண்டுமே உருப்படியாகப் பேசப்படாமல் போய்விட்டன. அதனால் இதற்குத் தனி இழை.

சுபாங்கைத் தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. மலேசியாவில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் 1965-ல் திறந்த விமான நிலையம். 1998-ல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ வரும்வரை கோலாலம்பூருக்கு அதுதான் வாசல். ஓடுபாதை நீளம் 3,780 மீட்டர்; 747-கள் இறங்கி ஏறிய பாதை. கேஎல்ஐஏ வந்ததும் பெரிய விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன, பழைய முதல் முனையத்தையும் பின்னாளில் இடித்துவிட்டார்கள். 2007-ல் ஃபயர்ஃபிளை விமான நிறுவனம் சுபாங்குக்கு வந்தது; ஏடிஆர் என்ற விசிறி விமானங்கள் அதற்குப் பிறகு சேர்ந்தன. 2013-ல் மாலிண்டோவும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: பயணிகள் சேவை என்றால் டர்போபிராப் (விசிறி சுற்றும் விமானம்) மட்டும்தான், ஜெட் கூடாது.

தனியார் ஜெட்டுகளுக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆக, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சுபாங்கில் இருந்த நிலவரம் இதுதான்: 8 பேரை ஏற்றிவரும் ஜெட் இறங்கலாம், 180 பேரை ஏற்றிவரும் ஜெட் இறங்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, கேஎல்ஐஏ-வின் கூட்டம் பிரிந்துவிடக் கூடாது. அதை நான் ஏற்கிறேன். அவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய நிலையத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். இன்னொன்று, சுற்றி இருக்கும் வீடுகளுக்குச் சத்தம். இதைத்தான் ஏற்க முடியவில்லை. சத்தம் என்ஜினிலிருந்து வருகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் டிக்கெட் வாங்கினாரா, விமானத்தையே வாங்கினாரா என்று பார்த்து அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

2023-ல் அமைச்சரவை சுபாங் புத்துயிர்த் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் பயணிகள் ஜெட் திரும்ப வந்தது. அந்த மாத இறுதியில் ஏர் ஏசியா கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்குக்கும் பறந்தது. 2025-ல் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டு சிப்பாங்குக்கே போய்விட்டது. திட்டத்திலோ இரண்டு கனவும் சேர்ந்தே இருக்கிறது: நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பயணிகள் நிலையம், கூடவே இந்த வட்டாரத்துக்கே பெரிய வணிக ஜெட் (தொழிலதிபர்கள் வைத்திருக்கும் தனியார் ஜெட்) மையம்.

ஒரே ஓடுபாதையில் இரண்டையும் வைத்தால் யாருக்கு முதல் உரிமை? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். காலை, மாலை நெரிசல் நேரம் அட்டவணைச் சேவைக்கு, அதாவது நேர அட்டவணைப்படி பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு, போக வேண்டும். மற்ற நேரம் முழுக்கத் தனியார் ஜெட்டுகள் தாராளமாக வரட்டும். இரவு அமைதி நேரம் என்று ஒன்று வைத்தால் அது இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஹேங்கர்_ஆள் எழுதியது:

அண்ணே, நான் சுபாங்கில் பராமரிப்பு வேலையில் இருப்பவன். எந்தக் கம்பெனி என்று சொல்ல முடியாது, ஆனால் தனியார் ஜெட்டுகள்தான் என் சோறு. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

வெளியில் இருப்பவர்கள் ஓடுபாதையைத்தான் பார்க்கிறார்கள். எங்களுக்கு இடிப்பது தரையில். ஒரு பெரிய கேபின் ஜெட்டை ஹேங்கரிலிருந்து (விமானக் கொட்டகை) வெளியே எடுப்பதை நினைத்துப் பாருங்கள். முன் சக்கரத்தில் டோ பார் (இழுக்கும் கம்பி) மாட்டி, இழுவை வண்டி ஓட்டுபவர் ஒருவர், காக்பிட்டில் பிரேக் பிடிக்க ஒருவர், இரண்டு இறக்கை நுனியிலும் ஆள். இறக்கைக்கும் பக்கத்து விமானத்தின் வாலுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுதான் இடம் இருக்கும். நடக்கிற வேகத்தில்தான் இழுக்க முடியும். டாக்ஸிவேயை (ஓடுபாதைக்கு விமானம் ஊர்ந்து போகும் பாதை) கடக்கத் தரைக் கட்டுப்பாட்டிடம் அனுமதி கேட்டுவிட்டு நிற்போம். அங்கே ஏடிஆர் ஒன்று விசிறி சுற்றியபடி பயணிகளோடு காத்திருக்கும். யார் முதலில் போவது? அது போன பிறகுதான் நாங்கள். சில நாள் நாங்கள் பாதிக் கடப்பில் இருந்தால் அது நிற்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பயணிகள் விமானம் தரையில் அரை மணி, முக்கால் மணி நின்றுவிட்டுப் போய்விடும். தனியார் ஜெட் வந்தால் முதலாளியின் கூட்டம் முடியும்வரை நிற்கும். இரண்டு நாள், நான்கு நாள்கூட நிற்கும். ஓடுபாதையில் அது எடுப்பது இரண்டு நிமிடம். தரையில் எடுப்பது நாள்கணக்கு. நீங்கள் நெரிசல் நேரத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினைதான் தீரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுபாங் என்றால் ஜெட் வைத்திருக்கும் பணக்காரர்கள் மட்டும் இல்லை. ஜிஇ என்ஜின் பட்டறை இங்கே இருக்கிறது. ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸ் இருக்கிறது. விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. டசோ குழுமத்தின் எக்செகியூஜெட் இங்கே புதிய பராமரிப்புக் கூடமே கட்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் டிப்ளோமா முடித்து உரிமம் வாங்கி நல்ல சம்பளத்தில் உட்காரும் இடங்கள் இவை. வணிக ஜெட்டுகளை விரட்டினால் ஹேங்கர்களும் கூடவே போகும். சிங்கப்பூரில் சிலேத்தார் விமான நிலையம் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

டெனாய்_ஆலாம்_வாசி எழுதியது:

நான் ஓடுபாதையின் வடமேற்குப் பக்கம் குடியிருக்கிறேன். இறங்க வரும் விமானங்கள் எங்கள் பக்கமாகத்தான் வரும்.

2023 ஆகஸ்ட் 17-ஐ நீங்கள் யாரும் குறிப்பிடவில்லை. லங்காவியிலிருந்து வந்த சிறிய வணிக ஜெட், பீச்கிராஃப்ட் பிரிமியர், சுபாங்கில் இறங்குவதற்குச் சற்று முன் எல்மினாவில் சாலையில் விழுந்தது. உள்ளே இருந்த 8 பேரும் போய்விட்டார்கள். சாலையில் காரில் போனவர் ஒருவர், மோட்டார் சைக்கிளில் போனவர் ஒருவர், அவர்களும் போய்விட்டார்கள். அந்த இருவருக்கும் விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டு போனவர்கள். அந்தச் சாலையில் நாங்கள் எல்லாரும்தான் தினமும் போகிறோம்.

ஒரு விபத்தை வைத்து வணிக ஜெட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அட்டவணைச் சேவை நடத்தும் நிறுவனத்துக்கு இருக்கும் கண்காணிப்பும் விமானி பயிற்சியும் எல்லாத் தனியார் இயக்கங்களுக்கும் அதே அளவில் இருக்கிறதா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. முதல் உரிமை யாருக்கு என்று பேசும்போது கீழே இருப்பவர்களையும் கணக்கில் சேருங்கள்.

சத்தம் பற்றிக் கிள்ளான்_கரை சொன்னதை அப்படியே ஆதரிக்கிறேன். எங்களுக்குப் பகலில் வரும் விமானம் பெரிய தொல்லை இல்லை. இரவு ஒரு மணிக்கு மேல் வரும் ஒன்றே ஒன்று போதும், கைக்குழந்தை எழுந்துவிடும், அதோடு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அட்டவணை விமானம் தாமதமாக வந்தால் யாரிடம் புகார் சொல்வது என்றாவது தெரியும். வால் எண்ணை (விமானத்தின் பதிவு எண்) மட்டும் போட்டுக்கொண்டு வருகிற ஜெட் யாருடையது, எதற்காக அந்த நேரத்தில் வந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கணக்கன் எழுதியது:

உணர்ச்சிக்கு நடுவில் கொஞ்சம் எண்களும் இருக்கட்டும்.

தரையிறங்கும் கட்டணம் பொதுவாக விமானத்தின் அதிகபட்ச எடையை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஏடிஆர் 72 சுமார் 23 டன். கல்ஃப்ஸ்ட்ரீம் 650 என்ற பெரிய தனியார் ஜெட் சுமார் 45 டன். பயணிகள் ஜெட்டான போயிங் 737-800 சுமார் 79 டன். எடைக் கணக்கில் பார்த்தால் கல்ஃப்ஸ்ட்ரீம் ஏடிஆரை விட ஏறக்குறைய இரு மடங்கு கட்டுகிறது, நியாயமாகத்தான் தெரியும்.

பயணிகள் சேவைக் கட்டணத்தைச் சேர்த்தால் கதை மாறும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஒருவருக்கு 11 ரிங்கிட், ஆசியான் நாடுகளுக்கு 35. 60 பேரோடு பினாங்குக்குப் புறப்படும் ஏடிஆர் 660 ரிங்கிட் கொண்டுவருகிறது. சிங்கப்பூருக்கு என்றால் 2,100. எட்டுப் பேர் கொண்ட ஜெட்டிடம் அதே விகிதத்தில் வாங்கினாலும் பினாங்குக்கு 88தான். அந்த 60 பேர் முனையத்தில் காப்பி குடிப்பார்கள், வண்டி நிறுத்தக் காசு கட்டுவார்கள். தனியார் ஜெட்டில் வருபவர் முனையத்தையே மிதிக்க மாட்டார். தனி அறை, தனிக் கதவு, கதவுக்கு வெளியே கார்.

ஆனால் ஹேங்கர்_ஆள் தம்பி சொன்னதும் சரி. வணிக ஜெட் மூலம் வரும் வருமானம் வாடகையிலும் எரிபொருளிலும் பராமரிப்பிலும் இருக்கிறது. ஒரு ஹேங்கர் குத்தகை என்பது மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் வரும் காசு. விமான நிறுவனமோ இன்றைக்கு வரும், லாபம் இல்லை என்றால் அடுத்த ஆண்டே போய்விடும். சுபாங்கிலேயே அதைப் பார்த்துவிட்டோம். நிலையத்தை நடத்துபவர் எதை நம்பிக் கடன் வாங்குவார்?

என்னைக் கேட்டால் கட்டணத்தை எடையோடு நேரத்தையும் சேர்த்துப் போட வேண்டும். காலை 8 மணிக்கு இறங்குபவரும் மதியம் 2 மணிக்கு இறங்குபவரும் ஒரே காசு கட்டுவதால்தான் எல்லாரும் 8 மணிக்கு வருகிறார்கள். தரையில் நிற்பதற்கும் அப்படியே: முதல் சில மணி நேரம் மலிவு, பிறகு ஏறுமுகம். வேலை முடியும்வரை ஜெட்டை ஈப்போவில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளட்டும்.

ஹேங்கர்_ஆள் எழுதியது:

கணக்கன் ஐயா, ஈப்போவுக்கு வெறுமனே பறந்து போய்த் திரும்ப வந்தால் ஓடுபாதையில் இரண்டு இயக்கம் கூடுதல். ஏறுகிற ஒன்று, இறங்குகிற ஒன்று. டெனாய் ஆலாம் நண்பருக்குச் சத்தமும் இரு மடங்கு. நிறுத்தக் கட்டணத்தை ஏற்றும்போது இதையும் பார்க்க வேண்டும். நிற்க இடம் கட்டுவதுதான் தீர்வு.

பினாங்கு_மகள் எழுதியது:

நான் விமானம் பற்றி எதுவும் தெரியாதவள். ஆனால் சுபாங்கை உண்மையாகவே பயன்படுத்துபவள். அப்பாவுக்கு இங்கே கோலாலம்பூரில் சிகிச்சை, வீடு பட்டர்வொர்த் பக்கம். சிப்பாங் போவதென்றால் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், அதுவும் நெரிசல் இல்லாவிட்டால். சுபாங்கில் காரை விட்டு இறங்கினால் சில நிமிடத்தில் சோதனை முடிந்து உட்கார்ந்துவிடலாம். நடக்க முடியாத ஒரு பெரியவரைக் கூட்டிப்போகும்போது அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு வருத்தம் ரயில் விஷயத்தில். கேஎல் சென்ட்ரலிலிருந்து சுபாங் முனையமான ஸ்கைபார்க் வரை 2018 மே மாதம் ரயில் விட்டார்கள். 2023 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். பயணிகள் நிலையம் என்று சொல்லிக்கொண்டு ரயிலை நிறுத்தினால் எப்படி? சொந்த ஜெட்டில் வருபவருக்கு ரயில் தேவையில்லை. எங்களுக்குத் தேவை. ஆண்டுக்கு 80 லட்சம் பயணிகள் வருவார்கள் என்று திட்டத்தில் எழுதினால் அவர்கள் எல்லாரும் எந்தச் சாலையில் வருவார்கள்? ஓடுபாதை நேரத்தைப் பங்கு போடுவதற்கு முன் எங்களை வாசல்வரை கொண்டுவந்து சேருங்கள்.

கிள்ளான்_கரை எழுதியது:

நன்றி அக்கா. இந்த இழையில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட பதிவு உங்களுடையது. யாருக்காகக் கேட்கிறோம் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

ஹேங்கர்_ஆள் சொன்ன தரை விஷயத்தோடு வானத்திலும் ஒன்று இருக்கிறது. எல்லா விமானமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. 737 இறங்கும்போது சுமார் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகம். ஏடிஆர் அதைவிட இருபது, முப்பது நாட் மெதுவாக வரும். இரண்டையும் அடுத்தடுத்து விட்டால் நடுவில் இடைவெளியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், பெரிய விமானம் பின்னால் விட்டுப்போகும் காற்றுச் சுழல். 7 டன்னுக்கு உட்பட்ட சிறிய ஜெட் ஒன்று 737-க்குப் பின்னால் வந்தால் சர்வதேச விதிப்படி 5 கடல் மைல் இடைவெளி வேண்டும். அதே இடத்தில் இன்னொரு 737 வந்தால் 3 கடல் மைல் போதும். அந்தச் சிறிய ஜெட் 110 நாட்டில் வந்தால் 5 மைலுக்கு ஏறக்குறைய 3 நிமிடம். 737-க்கு 3 மைல் ஒன்றேகால் நிமிடம்தான். அதாவது நெரிசல் நேரத்தில் நாலு பேர் வரும் ஒரு குட்டி ஜெட், 180 பேர் வரும் விமானம் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கை எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் நேரத்தைப் பிரி என்கிறேன். அந்த ஜெட் பத்தரை மணிக்கு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

சிலேத்தார்_பக்கம் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. எங்கள் பெயர் இழுக்கப்பட்டதால் வந்தேன்.

இங்கே எடுத்த வழி பிரித்து வைப்பது. பெரிய ஜெட் எல்லாம் சாங்கி, வணிக ஜெட்டுகளுக்கும் டர்போபிராப்புக்கும் சிலேத்தார். சிலேத்தார் ஓடுபாதை 1,836 மீட்டர்தான், பிரிட்டிஷ் விமானப்படை காலத்து இடம். சாங்கியில் ஏடிஆர் மெதுவாக வந்து ஜெட்டுகளின் வரிசையைக் கெடுக்கிறது என்பதுதான் ஃபயர்ஃபிளையைச் சிலேத்தாருக்கு மாற்றியதற்குச் சொன்ன காரணம். கிள்ளான்_கரை இப்போது விளக்கிய அதே கணக்கு. அதற்காக 8 கோடி சிங்கப்பூர் வெள்ளியில் புது முனையம் கட்டினார்கள். ஆண்டுக்கு 7 லட்சம் பேர் வரலாம். 2018 நவம்பரில் திறந்தது. பயணிகளுக்கு ஒரு பக்கம், தனியார் ஜெட்டுக்கு ஒரு பக்கம் என்று கட்டடத்தைப் பிரித்துக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் 1-ல் தொடங்க வேண்டிய சேவை நின்றது. கருவி வழித் தரையிறக்கத்தின் பாதை மலேசியாவின் பாசிர் கூடாங் மேல் போகிறது, அங்கே கட்டடங்களின் உயரம் கட்டுப்படும் என்று மலேசியா ஆட்சேபித்தது. 2019 ஜனவரி 2 முதல் அந்த வான்வெளியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தது. ஏப்ரலில்தான் இரு தரப்புக்கும் உடன்பாடு வந்தது. சிங்கப்பூர் அந்தக் கருவி முறையைத் திரும்பப் பெற்றது, மலேசியா கட்டுப்பாட்டை நிறுத்திவைத்தது. ஏப்ரல் 22-ல் முதல் ஃபயர்ஃபிளை இறங்கியது. புது முனையம் அந்த ஐந்து மாதமும் அட்டவணைச் சேவை இல்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

சுபாங்குக்கு நான் சொல்ல வருவது: பிரித்து வைப்பது நல்ல வழிதான், ஆனால் அதற்கு இரண்டு ஓடுபாதை, இரண்டு இடம் வேண்டும். சுபாங்கில் ஒன்றுதான் இருக்கிறது. கட்டடத்தைப் பிரிக்கலாம், நிறுத்துமிடத்தைப் பிரிக்கலாம். ஓடுபாதையைப் பிரிக்க முடியாது, கிள்ளான்_கரை சொல்வதுபோல் நேரத்தைத்தான் பிரிக்க முடியும்.

கொலராடோ_தமிழன் எழுதியது:

இதே சண்டையை ஓர் ஊரே தேர்தல் வைத்துத் தீர்த்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில், கொலராடோவின் ஆஸ்பென். மலை நடுவில், கடல் மட்டத்துக்கு 2,380 மீட்டருக்கு மேல் இருக்கும் சின்ன நிலையம், பனிச்சறுக்குப் பருவத்தில் உலகத்துப் பணக்காரர்களின் ஜெட் எல்லாம் அங்கேதான். ஓடுபாதை ஒன்று. மலை மறைப்பதால் பொதுவாக ஒரு பக்கமிருந்து இறங்கி, வந்த பக்கமே ஏறிப்போக வேண்டும். இயக்கங்களில் பெரும்பங்கு தனியார் விமானம், அட்டவணைச் சேவை சிறு பங்குதான்.

அங்கே பல காலமாக ஒரு விதி: இறக்கை அகலம் 95 அடிக்கு மேல் போகக் கூடாது. ஓடுபாதைக்கும் டாக்ஸிவேக்கும் நடுவில் 320 அடிதான் இடைவெளி, அதனால் அந்த விதி. அட்டவணைச் சேவைக்குப் பெரும்பாலும் சிஆர்ஜே 700 என்ற ஒரே வகை விமானத்தை நம்பியிருந்தார்கள். அந்த விமானத்தின் உற்பத்தியே நின்றுவிட்டது. பழையவை ஓய்வு பெற்றால் பிறகு எதில் வருவது? அதனால் இடைவெளியை 400 அடியாக்கி நிலையத்தைத் திருத்திக் கட்டலாம் என்றார்கள். எதிர்ப்பவர்கள் சொன்னது: கதவைப் பயணிகளுக்காக அகலப்படுத்தினால் கல்ஃப்ஸ்ட்ரீம் 650 போன்ற இன்னும் பெரிய தனியார் ஜெட்டும் அதே கதவு வழியாக வரும்.

இரண்டு பக்கமும் உண்மைதான். இறக்கை அளவுக்கு யார் பயணி, யார் முதலாளி என்று தெரியாது. தவிர, மத்திய அரசின் மானியம் வாங்கிய நிலையம் தனியார் விமானத்துக்கு மட்டும் தடை போட முடியாது. மானிய ஒப்பந்தத்திலேயே பாரபட்சம் கூடாது என்று இருக்கிறது. 1990-ல் வந்த சட்டம் புதிதாக இரவுத் தடை போடுவதையும் கடினமாக்கிவிட்டது. ஆஸ்பெனில் இரவு 11 முதல் காலை 7 வரை தடை இருக்கிறது. அது தனியாருக்கும் பொருந்தும், அட்டவணைச் சேவைக்கும் பொருந்தும். 2024 நவம்பரில் வாக்கெடுப்பு வந்தது. விரிவாக்கத்தைக் கட்டுப்படுத்தக் கேட்டவர்களின் யோசனை தோற்றது, மாவட்ட நிர்வாகம் கையில் அதிகாரம் கொடுக்கும் யோசனை வென்றது.

மலேசியாவில் அந்த மானியக் கட்டு இல்லை. அமைச்சு நினைத்தால் நேர ஒதுக்கீட்டு விதியை நேராகவே போடலாம். உங்களுக்கு இருக்கும் அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

கோவை_வானம் எழுதியது:

நேர ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் மும்பையைக் காட்டுங்கள். அங்கே ஓடுபாதை இரண்டு, ஆனால் ஒன்றை ஒன்று வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சகம் உத்தரவு போட்டது: நெரிசல் நேரத்தில் மணிக்கு 46 இயக்கம் இருந்ததை 44 ஆகக் குறை, வணிக ஜெட் போன்ற தனி விமானங்களுக்கு இருந்த 4 மணி நேரத் தடையை 8 மணி நேரமாக்கு என்று. வானத்திலேயே வட்டமடித்து எரிபொருளைக் கொட்டிக்கொண்டிருந்த விமானங்களைக் குறைக்கத்தான் அது.

ஜெனீவாவிலும் தனியார் ஜெட் என்றால் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்கித்தான் வர வேண்டும். அதனால் பணக்காரர்கள் ஜெனீவாவுக்கு வராமல் போய்விடவில்லை.

எங்கள் கோவையில் நிலைமை வேறு. ஓடுபாதை 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் பாடு பல ஆண்டு இழுத்தது. தொழில் ஊர் என்பதால் தனி விமானங்கள் வரும், தேர்தல் சமயத்தில் தலைவர்களின் விமானமும் ஹெலிகாப்டரும் வரிசை கட்டும். சாதாரண நாளில் இரண்டும் ஒத்துப்போகும். முன்கூட்டி விதி இல்லாததால், கூட்டம் கூடும் நாளில் அங்கே இருக்கும் அதிகாரிதான் அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒரு பெரிய மனிதரின் விமானத்தைக் காத்திருக்கச் சொல்வது அவருக்கு எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். விதி எழுத்தில் இருந்தால் அவர் அதைக் காட்டிவிட்டுப் போவார்.

ஹேங்கர்_ஆள் எழுதியது:

கோவை_வானம் சொன்ன கடைசி வரிக்கு என் கை இரண்டையும் தூக்குகிறேன். வேலை செய்பவனுக்கு எழுத்தில் இருக்கும் விதிதான் கவசம்.

நெரிசல் நேரம் அட்டவணைச் சேவைக்கு என்பதை நான் எதிர்க்கவில்லை, என் வேலைக்கு அதனால் ஆபத்தும் இல்லை. பராமரிப்புக்கு வரும் ஜெட் பதினொரு மணிக்கு வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். ஆனால் மூன்று விலக்கு வேண்டும். நோயாளியையோ உறுப்பையோ ஏற்றிவரும் விமானம் எந்த நேரமும் வரலாம். பராமரிப்பு முடிந்து சோதனைப் பறப்புக்குப் போகும் விமானத்துக்கு வானிலை பார்த்து நேரம் தர வேண்டும். ஹெலிகாப்டர் ஓடுபாதையைத் தொடாமல் இயங்க முடிந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

டெனாய்_ஆலாம்_வாசி எழுதியது:

மருத்துவ விமானம் எந்த நேரத்தில் வந்தாலும் எங்கள் பகுதியில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சோதனைப் பறப்பு இரவில் வேண்டாம், பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னொரு கோரிக்கை. இரவில் விலக்கு பெற்று இறங்கிய ஒவ்வொரு விமானத்தின் வால் எண்ணையும் நேரத்தையும் காரணத்தையும் மாதம் ஒருமுறை வெளியிட வேண்டும். முதலாளியின் பெயர் வேண்டாம். "மருத்துவம்" என்றோ "தாமதம்" என்றோ ஒரு சொல் இருந்தால் போதும். காரணம் எழுத வேண்டும் என்றாலே பாதி விமானங்கள் மாலையே வந்துவிடும்.

கிள்ளான்_கரை எழுதியது:

இதுவரை வந்ததை வைத்துக் குடியிருப்பாளர் சங்கம் வழியாகக் கொடுக்கும் மனுவுக்கு நான் எழுதிக்கொண்டிருப்பது:

காலை 7 முதல் 9.30, மாலை 5 முதல் 8 வரை நேரம் அட்டவணைச் சேவைக்கு. பயன்படுத்தாத நேரத்தை முந்தின நாள் மாலையே திறந்துவிட வேண்டும். விமான நிறுவனம் நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பறக்காமலும் இருக்கக் கூடாது. ஹேங்கர்_ஆள் கேட்ட மூன்று விலக்கும் உண்டு, சோதனைப் பறப்பு பகலில் மட்டும். இரவுத் தடை இருவருக்கும் ஒரே நேரம், விலக்குப் பட்டியல் மாதாமாதம். நெரிசல் நேரக் கட்டணத்தை யார் கட்டினாலும் அதில் ஒரு பங்கு நிறுத்துமிடம் கட்டவும் ரயில் சேவைக்கும் போக வேண்டும்.

கணக்கன் ஐயா, அந்தக் கட்டணப் பகுதியை நீங்கள் எழுதித் தர முடியுமா? எடையும் நேரமும் சேர்ந்த மாதிரி அட்டவணை ஒன்று போதும்.

கணக்கன் எழுதியது:

தருகிறேன். ஏடிஆருக்கு அந்தக் கட்டணத்தில் சலுகை வைக்கிறேன், இல்லையென்றால் அது கடைசியில் பினாங்கு டிக்கெட்டில் ஏறி அந்த அக்கா தலையில்தான் விழும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன், ஹேங்கர்_ஆள் தம்பி ஒருமுறை பார்த்துவிடட்டும்.

பினாங்கு_மகள் எழுதியது:

மனுவில் ரயிலைக் கடைசி வரியில் வைக்காதீர்கள். தனிப் பத்தியாகவே எழுதுங்கள். சக்கர நாற்காலியோடு வருபவர்களுக்கு முனையத்திலிருந்து விமானம்வரை மழையில் நனையாமல் போகும் வழி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏடிஆரில் ஏறத் திறந்த வெளியில் நடக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்துக்கு நான் தயார், எங்கே வர வேண்டும் என்று சொல்லுங்கள்.